ஃபேர் (பிரெஞ்சு வினைச்சொல்)

ஃபேர் என்பது பிரெஞ்சு மொழியில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். பயன்பாட்டு அளவில் இது 'எத்ர்' (இரு), 'அவ்வார்' (உடைத்தாயிரு) ஆகிய வினைகளுடன் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. பிரெஞ்சு–ஆங்கில அகராதிகள் இதற்கு 'டூ', 'மேக்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை முதற்பொருளாகத் தருகின்றன. ஆனால் வெப்பநிலை, விலை, உயரம், கால அளவு, விளையாட்டு, படிப்பு, நடிப்பு, பேச்சு, பிறரைக்கொண்டு ஒன்றைச் செய்வித்தல் எனப் பல இடங்களில் பிரெஞ்சு மொழி இந்த ஒரே வினையைக் கையாளுகிறது. அவ்விடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் வேறு வேறு வினைகளைப் பயன்படுத்துகிறது. இதனால் ஆங்கிலம் பேசுவோருக்கும், ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சு கற்போருக்கும் இச்சொல் தொடக்கத்தில் எளிதாகவும் பின்னர் கடினமாகவும் தோன்றுகிறது.

'ஃபேர்' வினையின் பொருள் அதனுள் மட்டும் அடங்கியதன்று. அதனைத் தொடர்ந்து வரும் பெயர்ச்சொல், பெயரடை, எண் அல்லது வேறொரு வினை ஆகியவையே பொருளைத் தீர்மானிக்கின்றன.

இக்கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. பிரெஞ்சு 'ஜே' எழுத்தின் ஒலி, தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கப்படி 'ழ' எனக் குறிக்கப்படுகிறது. 'ஃபோன்', 'மான்ஷ்' போன்றவற்றில் வரும் 'ன்' பெரும்பாலும் தனி மெய்யொலி அன்று. முன்னுள்ள உயிர் மூக்கொலியாக ஒலிப்பதைக் காட்டும் குறியே ஆகும்.

சொற்பிறப்பு

'ஃபேர்' இலத்தீன் மொழியின் 'ஃபாக்கெரே' (செய்தல், ஆக்குதல்) என்னும் வினையிலிருந்து பிறந்தது. இதே வேரிலிருந்து இத்தாலிய 'ஃபாரே', போர்த்துக்கேய 'ஃபஸேர்', எசுப்பானிய 'அஸேர்' ஆகியவையும் தோன்றின. எசுப்பானிய மொழியில் சொல்முதல் 'ஃப' ஒலி தேய்ந்து மறைந்துவிட்டதால், அச்சொல் உறவற்றது போலத் தோன்றும்.

ஆங்கிலத்தின் 'டூ' என்னும் வினையும் 'ஃபேர்' வினையும் தொலைதூர உறவுடையவை. இரண்டும் மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'வை, இடு' என்னும் பொருள்கொண்ட ஒரே வேரிலிருந்து வந்தவை. 'மேக்' என்பதோ 'பிசை' என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் பெருமளவில் புகுந்தன. 'ஃபேர்' குடும்பத்தைச் சேர்ந்த 'அஃபேர்' (அலுவல், விவகாரம்), 'ஃபீட்' (அருஞ்செயல்), 'ஃபீசிபிள்' (செய்யத்தக்க), 'டிஃபீட்' (தோல்வி), 'ஃபேஷன்' (பாங்கு) முதலிய ஆங்கிலச் சொற்கள் பிரெஞ்சின் வழியாக வந்தவையே. ஆகவே ஆங்கிலம் பேசுவோர் இவ்வினையின் கிளைகளை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். வேரை மட்டும் புதிதாகக் கற்கின்றனர்.

வினைத்திரிபு

'ஃபேர்' பிரெஞ்சு இலக்கணத்தில் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த, ஒழுங்கற்ற வினையாகும். அதன் நிகழ்கால வடிவங்கள் வருமாறு:

* தன்மை ஒருமை: ழ ஃபெ (நான் செய்கிறேன்)
* முன்னிலை ஒருமை: து ஃபெ (நீ செய்கிறாய்)
* படர்க்கை ஒருமை: இல் ஃபெ, எல் ஃபெ (அவன், அவள் செய்கிறான், செய்கிறாள்)
* தன்மைப் பன்மை: நூ ஃபஸோன் (நாம் செய்கிறோம்)
* முன்னிலைப் பன்மை, மரியாதை ஒருமை: வூ ஃபெத் (நீங்கள் செய்கிறீர்கள்)
* படர்க்கைப் பன்மை: இல் ஃபோன் (அவர்கள் செய்கிறார்கள்)

ஒருமை வடிவங்கள் மூன்றும் எழுத்தில் ஒன்றுபோல் இல்லை; படர்க்கை வடிவம் 'டி' எழுத்திலும் மற்றவை 'எஸ்' எழுத்திலும் முடிகின்றன. ஆனால் ஒலிப்பில் மூன்றும் ஒன்றே. தன்மைப் பன்மை வடிவத்தில் எழுத்துக்கும் ஒலிப்புக்கும் இடையே வேறொரு முரண் உள்ளது. பிற வடிவங்களில் 'எ' என ஒலிக்கும் அதே எழுத்துக்கள் இங்கே மங்கிய குறுகிய 'அ' ஒலியாக ஒலிக்கின்றன.

பிரெஞ்சு வினைகளில் முன்னிலைப் பன்மை பொதுவாக 'ஏ' என்னும் ஒலியில் முடியும். இவ்விதியை மீறும் அடிப்படை வினைகள் மூன்றே: 'வூ ஸெத்' (நீங்கள் இருக்கிறீர்கள்), 'வூ தித்' (நீங்கள் சொல்கிறீர்கள்), 'வூ ஃபெத்'. எனவே பொதுவிதியைப் பின்பற்றி 'வூ ஃபஸே' என்று கூறுவது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட சிறு குழந்தைகளிடமும் காணப்படும் பிழையாகும். இதுபோலவே படர்க்கைப் பன்மை நிகழ்காலத்தில் 'ஓன்' என்னும் ஒலியில் முடியும் அடிப்படை வினைகள் நான்கு: 'ஓன்' (உடையவர்), 'ஸோன்' (இருக்கின்றனர்), 'வோன்' (போகின்றனர்), 'ஃபோன்'.

இறந்தகால எச்ச வடிவம் 'ஃபெ' ஆகும். எதிர்கால வடிவங்கள் 'ஃப்ர' என்னும் அடியிலிருந்து அமைகின்றன.

'டூ', 'மேக்' வேறுபாடு

ஆங்கிலத்தில் ஒரு செயலில் ஈடுபடுதலைப் பெரும்பாலும் 'டூ' என்னும் வினையும், ஒரு பொருளை உருவாக்குதலைப் பெரும்பாலும் 'மேக்' என்னும் வினையும் குறிக்கின்றன. பிரெஞ்சில் இவ்வேறுபாடு இல்லை. 'கெஸ் க து ஃபெ?' என்னும் வினா, 'நீ என்ன வேலையில் ஈடுபட்டிருக்கிறாய்?' என்றும் 'நீ எதை உருவாக்கிக்கொண்டிருக்கிறாய்?' என்றும் பொருள்படும். சமையலறையில் கேட்கப்பட்டதா, தொலைபேசியில் கேட்கப்பட்டதா என்னும் சூழலே பொருளைத் தெளிவாக்கும்.

* ஃபேர் அன் கத்தோ – கேக் செய்தல் (ஆங்கிலத்தில் 'மேக்')
* ஃபேர் ல லி – படுக்கையைச் சீர்செய்தல் (ஆங்கிலத்தில் 'மேக்')
* ஃபேர் ஸே தவ்வார் – வீட்டுப்பாடம் செய்தல் (ஆங்கிலத்தில் 'டூ')
* ஃபேர் லா வெஸெல் – பாத்திரம் கழுவுதல் (ஆங்கிலத்தில் 'டூ')

இந்த அளவில் பிரெஞ்சு எளிது. ஆங்கிலம் பேசுவோர் இரண்டு சொற்களுக்குப் பதிலாக ஒன்றைப் பயன்படுத்தினால் போதும். சிக்கல் எதிர்த்திசையில்தான் எழுகிறது. ஆங்கிலத்தில் 'டூ' அல்லது 'மேக்' வரும் எல்லா இடங்களிலும் 'ஃபேர்' வருவதில்லை.

* ஒருவரை மகிழ்ச்சியடையச் செய்தல் என்பதற்கு ஆங்கிலம் 'மேக்' என்னும் வினையைப் பயன்படுத்தும். பிரெஞ்சில் பெயரடையுடன் இப்பொருளில் 'ரான்த்ர்' என்னும் வினை வரவேண்டும்.
* முடிவெடுத்தலை ஆங்கிலம் 'மேக்' எனச் சொல்லும். பிரெஞ்சு, தமிழைப் போலவே, 'எடு' என்னும் பொருளுடைய 'ப்ரான்த்ர்' வினையைப் பயன்படுத்தும்.
* ஆங்கிலத்தில் வினாவையும் எதிர்மறையையும் அமைக்கும் துணைவினையாக 'டூ' வருகிறது. பிரெஞ்சில் இதற்கு இணையான சொல்லே இல்லை. 'பிரெஞ்சு பேசுவீர்களா?' என்னும் வினாவுக்கு விடையாக 'வ்வீ, ழ ஃபெ' என்று கூறினால் பிரெஞ்சுக்காரருக்கு அது பொருளற்ற தொடராகும். 'வ்வீ' (ஆம்) என்பதே போதும்.

பொருள்கள்

தட்பவெப்பம்

தட்பவெப்ப நிலையைக் கூறப் பிரெஞ்சு மொழி 'இல் ஃபெ' என்னும் தொடரைப் பயன்படுத்துகிறது. இங்கு 'இல்' எவரையும் சுட்டாத வெற்று எழுவாயாகும். ஆங்கிலம் இவ்விடத்தில் 'இரு' என்னும் பொருளுடைய வினையைப் பயன்படுத்தும்.

* இல் ஃபெ ஷோ – வெப்பமாக இருக்கிறது
* இல் ஃபெ ஃப்ருவா – குளிராக இருக்கிறது
* இல் ஃபெ போ – வானிலை நன்றாக இருக்கிறது
* இல் ஃபெ நுயி – இருட்டிவிட்டது

மழைக்கும் பனிப்பொழிவுக்கும் தனி வினைகள் இருப்பதால் அவற்றுக்கு 'ஃபேர்' தேவையில்லை.

கற்போர் மிகுதியாகத் தடுமாறும் இடங்களுள் இது முதன்மையானது. ஆங்கிலத்தில் வானிலை, மனிதர், பொருள் ஆகிய மூன்றன் வெம்மையையும் ஒரே வினையால் கூறலாம். பிரெஞ்சில் மூன்றுக்கும் மூன்று வினைகள் உள்ளன. வானிலைக்கு 'ஃபேர்' வரும் (இல் ஃபெ ஷோ). வெம்மையை உணரும் மனிதருக்கு 'உடைத்தாயிரு' என்னும் பொருளுடைய வினை வரும் (ழே ஷோ). பொருளுக்கு 'இரு' என்னும் வினை வரும் (லோ எ ஷோத், அதாவது 'நீர் சூடாக இருக்கிறது'). தமக்கு வெக்கையாக இருப்பதைக் கூற விரும்பும் ஆங்கிலேயர், தம் மொழி அமைப்பைப் பின்பற்றி 'ழ ஸுயி ஷோ' என்று கூறினால், அது பேச்சுவழக்கில் 'நான் காம உணர்ச்சியில் இருக்கிறேன்' அல்லது 'நான் மிகுந்த ஆர்வத்துடன் இருக்கிறேன்' என்று புரிந்துகொள்ளப்படலாம்.

விலை, கூட்டுத்தொகை, அளவு

* கோம்பியென் ஸா ஃபெ? – எவ்வளவு ஆகிறது?
* ஸா ஃபெ தூஸ் எரோ – பன்னிரண்டு யூரோ ஆகிறது
* தெ எ தெ ஃபோன் காத்ர் – இரண்டும் இரண்டும் நான்கு

ஒருவரின் உயரம், ஒரு பெட்டியின் எடை, ஓர் அறையின் பரப்பு, காலணியின் அளவெண் ஆகியவற்றையும் 'ஃபேர்' குறிக்கும். 1.80 மீட்டர் உயரமுள்ளவர் பிரெஞ்சில் அந்த உயரத்தைச் 'செய்கிறார்'. வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்வதையும் இவ்வினையால் கூறலாம். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரு, எடையுறு, செல் முதலிய பொருளுடைய வெவ்வேறு வினைகள் தேவைப்படும்.

கால அளவு

'ஸா ஃபெ தெஸான் க ழபித் இஸி' என்பது 'நான் இங்கு வசிக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன' எனப் பொருள்படும். இங்கு வசித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினை நிகழ்காலத்தில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலம் இவ்விடத்தில் இறந்தகாலத்தில் தொடங்கி இன்றுவரை நீளும் செயலைக் காட்டும் தனிக் கால வடிவத்தைப் பயன்படுத்தும். அவ்வடிவத்தைப் பிரெஞ்சில் அப்படியே அமைத்தால், அங்கு வசிப்பது முடிந்துபோனது என்னும் பொருள் தோன்றிவிடும்.

விளையாட்டு, இசை, படிப்பு, பயணம்

ஒரு செயலைப் பழக்கமாகவோ பயிற்சியாகவோ மேற்கொள்வதை, 'து', 'த லா' ஆகிய இடைச்சொற்களுடன் 'ஃபேர்' குறிக்கிறது.

* ஃபேர் து வெலோ – மிதிவண்டி ஓட்டுதல்
* ஃபேர் த லா நத்தாஸியோன் – நீச்சல் பயிலுதல்
* ஃபேர் து பியானோ – பியானோ பயிலுதல்
* ஃபேர் து துருவா – சட்டம் படித்தல்
* ஃபேர் து தெயாத்ர் – நாடகத்துறையில் ஈடுபடுதல்

'விளையாடு', 'இசை' என்னும் பொருள்களில் 'ழுவே' என்னும் வேறு வினையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை ஆடுவதற்கு 'ழுவே' ஏற்றது. அந்த விளையாட்டைத் தொடர்ந்து பழகிவருவதற்கு 'ஃபேர்' ஏற்றது. ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்தலையும் 'ஃபேர்' குறிக்கும். இவ்வழக்கு மட்டும் ஆங்கிலப் பேச்சுவழக்கின் 'டூ' வினையுடன் அப்படியே ஒத்துப்போகிறது.

அன்றாட வேலைகள்

கடைக்குச் சென்று பொருள் வாங்குதல் (ஃபேர் லே கூர்ஸ்), சமைத்தல் (ஃபேர் லா குயிஸீன்), வீட்டைத் தூய்மை செய்தல் (ஃபேர் ல மெனாழ்), பெட்டி கட்டுதல் (ஃபேர் ஸா வலீஸ்), வரிசையில் நிற்றல் (ஃபேர் லா கெ) ஆகியவை அனைத்தும் பிரெஞ்சில் 'செய்யப்படுபவை'. ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பெரும்பாலும் தனித்தனி வினைகளே வழங்குகின்றன.

தோற்றமும் நடிப்பும்

'ஃபேர் ல மலாத்' என்பது நோயாளிபோல் நடித்தலையும், 'ஃபேர் லிதியோ' என்பது முட்டாள்தனமாக நடந்துகொள்ளுதலையும் குறிக்கும். பெயரடையுடன் நேரடியாக வரும்போது தோற்றத்தைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 'இல் ஃபெ ழென்' என்பது 'அவர் இளமையாகத் தோன்றுகிறார்' எனப் பொருள்படும். அவர் உண்மையில் இளையவர் என்று இதற்குப் பொருளன்று; பெரும்பாலும் அவ்வாறு இல்லை என்பதே குறிப்பு.

பேச்சும் ஒலியும்

புதினங்களில் உரையாடலுக்குப் பின் வரும் 'ஃபித்தில்' என்னும் சொல் 'என்றான் அவன்' எனப் பொருள்படும். அகராதியில் 'செய்தான்' என்னும் பொருளை மட்டும் கண்டவர் இவ்விடத்தில் குழப்பமடைவது இயல்பு. விலங்குகளின் ஒலியைக் கூறவும் இவ்வினையே வரும்; பூனை 'மியாவ்' எனக் கத்துவதைப் பிரெஞ்சு 'மியாவ் செய்கிறது' என்று கூறும்.

உணர்வும் விளைவும்

இடைச்சொல் இல்லாத பெயர்ச்சொல்லுடன் சேர்ந்து 'ஃபேர்' பல கூட்டுவினைகளை அமைக்கிறது.

* ஃபேர் பெர் – அச்சுறுத்துதல்
* ஃபேர் மால் – வலி உண்டாக்குதல்
* ஃபேர் ப்லெஸீர் – மகிழ்ச்சி அளித்தல்
* ஃபேர் அத்தான்ஸியோன் – கவனமாக இருத்தல்
* ஃபேர் கோன்ஃபியான்ஸ் – நம்புதல்

இத்தகைய தொடர்களில் பொருளைச் சுமப்பது பெயர்ச்சொல்லே. காலம், இடம், எண் ஆகியவற்றைக் காட்டும் வேலையை மட்டும் வினை செய்கிறது. பிரெஞ்சு மொழியியலில் இத்தகைய வினைகள் 'தாங்கு வினை' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றன. மொழியியலாளர் மொரீஸ் குரோஸ் (1934–2001) அவர்களும் அவருடன் பணியாற்றியோரும், எந்த வினை எந்தெந்தப் பெயர்ச்சொற்களை ஏற்கும் என்பதை விரிவான அட்டவணைகளாகத் தொகுத்தனர்.

பிறவினை அமைப்பு

'ஃபேர்' வினையின் பின் வேறொரு வினையின் மூல வடிவம் வந்தால், அச்செயல் பிறரால் அல்லது பிறிதொன்றால் நிகழ்த்தப்படுகிறது என்னும் பொருள் தோன்றும்.

* ழ ரெபார் லா வ்வாத்யூர் – நான் மகிழுந்தைப் பழுதுபார்க்கிறேன்
* ழ ஃபெ ரெபாரே லா வ்வாத்யூர் – நான் மகிழுந்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறேன்

முதல் வாக்கியத்தைக் கூறுபவர் தம் கைகளால் பழுதுபார்க்கிறார். இரண்டாவது வாக்கியத்தைக் கூறுபவர் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கிறார். ஆங்கிலம் இதனை 'ஹேவ்', 'கெட்', 'மேக்' ஆகிய வினைகளால் வெவ்வேறு அமைப்புகளில் கூறுகிறது. ஒருவரை வற்புறுத்திச் செய்வித்தல், கேட்டுக்கொண்டு செய்வித்தல், கூலி கொடுத்துச் செய்வித்தல் என்னும் வேறுபாடுகள் ஆங்கில வினையிலேயே ஓரளவு வெளிப்படும். பிரெஞ்சில் அவை அனைத்தும் 'ஃபேர்' வினைக்குள் அடங்குவதால், மொழிபெயர்ப்பாளர் சூழலைக் கொண்டே முடிவு செய்யவேண்டும்.

சமையல் குறிப்புகளில் இவ்வமைப்பு இன்றியமையாதது. ஆங்கிலத்தில் நீர் தானாகக் கொதிப்பதற்கும் ஒருவர் நீரைக் கொதிக்கவைப்பதற்கும் ஒரே வினைதான் உள்ளது. பிரெஞ்சில் 'பூயீர்' என்பது தானாகக் கொதித்தலைக் குறிக்கும். நீரைக் கொதிக்கவைக்க 'ஃபேர் பூயீர் லோ' என்று கூறவேண்டும். வெண்ணெயை உருக்குவதற்கும் இவ்வாறே 'ஃபேர் ஃபோன்த்ர்' என்னும் தொடர் வரும்.

இவ்வமைப்பில் கவனிக்க வேண்டியவை:

* இரண்டு வினைகளும் பெரும்பாலும் பிரியாமல் அடுத்தடுத்து நிற்கும். செயலைச் செய்பவரைக் குறிக்கும் பெயர் அவற்றின் பின்னரே வரும். 'குழந்தைகளைப் பாடவைத்தல்' என்பதில் ஆங்கிலம் குழந்தைகளை இரண்டு வினைகளுக்கும் நடுவில் வைக்கும்; பிரெஞ்சு கடைசியில் வைக்கும்.
* 'ஃபேர் ஷான்தே' என்பதன் நேர்ப்பொருள் 'பாடவைத்தல்' ஆகும். ஆனால் ஒருவரின் இரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் பறித்தலும் இதே தொடரால் குறிக்கப்படுகிறது.
* 'ஃபேர் எக்ரீர் யூன் லெத்ர் அ போல்' என்னும் தொடர் 'போலைக்கொண்டு கடிதம் எழுதச் செய்தல்' என்றும் 'போலுக்குக் கடிதம் எழுதச் செய்தல்' என்றும் இருபொருள் தரும். ஐயம் எழும்போது முதற்பொருளுக்கு 'அ' என்னும் முன்னிடைச்சொல்லுக்குப் பதிலாக 'பார்' என்பதைப் பயன்படுத்துவர்.
* 'ஸ' என்னும் தற்சுட்டுச் சொல்லுடன் சேரும்போது, விரும்பாமல் நேர்ந்த நிகழ்ச்சியையும் குறிக்கலாம். பணப்பை திருடு போனவர் 'இல் ஸெ ஃபெ வொலே' என்னும் தொடரால் குறிக்கப்படுவார். தம் பணப்பையைத் தாமே திருடச் செய்தார் என்று இதனைப் புரிந்துகொள்வது தவறு.
* வினையின் மூல வடிவத்துக்கு முன் வரும்போது 'ஃபேர்' வினையின் இறந்தகால எச்சம் பால், எண் காட்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரைகள், 'விடு' என்னும் பொருளுடைய 'லெஸே' வினைக்கும் இவ்விதியை விரிவுபடுத்தின.

மரபுத்தொடர்கள்

'ஃபேர்' இடம்பெறும் மரபுத்தொடர்கள் மிகப்பல. அவற்றுள் சில:

* ஃபேர் லா கிராஸ் மத்தினே – காலையில் நெடுநேரம் உறங்குதல் (நேர்ப்பொருள்: கொழுத்த காலையைச் செய்தல்)
* ஃபேர் ல போன் – விடுமுறைக்கும் வார இறுதிக்கும் இடைப்பட்ட நாளிலும் விடுப்பு எடுத்தல் (நேர்ப்பொருள்: பாலம் செய்தல்)
* ஃபேர் லா தெத் – முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல் (நேர்ப்பொருள்: தலையைச் செய்தல்)
* ஃபேர் லா மான்ஷ் – தெருவில் பிச்சை கேட்டல்
* ஃபேர் லெகோல் புயிஸொனியேர் – பள்ளிக்குச் செல்லாமல் ஊர்சுற்றுதல் (நேர்ப்பொருள்: புதர்ப் பள்ளியைச் செய்தல்)
* ஃபேர் தியூன் பியேர் தெ கூ – ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்தல்
* ந தான் ஃபெ பா – கவலைப்படாதே
* ஸா ந ஃபெ ரியென் – பரவாயில்லை

இவற்றுள் சில, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் மனவருத்தத்தை ஏற்படுத்தக்கூடும். 'செ பியென் ஃபெ' என்பது 'நன்றாகச் செய்யப்பட்டுள்ளது' என்னும் பாராட்டாகும். அதனுடன் 'பூர் துவா' (உனக்கு) என்னும் சொற்கள் சேர்ந்து 'செ பியென் ஃபெ பூர் துவா' என வந்தால், 'உனக்கு நன்றாக வேண்டும்' என்னும் ஏளனமாக மாறிவிடும். சொற்களைத் தனித்தனியே அறிந்த ஒருவர் இதனைப் பாராட்டாகக் கருதி நன்றி கூற நேரலாம்.

ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபேர்' தொடர்கள்

சில பிரெஞ்சுத் தொடர்கள் மாற்றமின்றி ஆங்கிலத்தில் வழங்குகின்றன.

* லெஸே ஃபேர் – 'செய்ய விடுங்கள்' என்பது இதன் நேர்ப்பொருள். வணிகத்தில் அரசு தலையிடாக் கொள்கையைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொருளியல் சிந்தனையாளர் வின்சென் த கூர்னே (1712–1759) அவர்களின் பெயருடன் இத்தொடர் இணைத்துக் கூறப்படுகிறது.
* ஸவ்வார் ஃபேர் – 'செய்ய அறிதல்' என்பது நேர்ப்பொருள். பிரெஞ்சில் தொழில்திறனைக் குறிக்கும். ஆங்கிலத்தில் சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்ளும் நயத்தையே பெரும்பாலும் குறிக்கும்.
* ஃபெ அக்கோம்ப்லி – முடிந்துபோன, இனி மாற்ற இயலாத செயல்.

பொருள் மாறிய சொற்களும் உள்ளன. ஆங்கிலத்தின் 'அஃபேர்' பல இடங்களில் திருமணத்துக்குப் புறம்பான காதலைக் குறிக்கும். அதன் மூலமான பிரெஞ்சு 'அஃபேர்', 'செய்யவேண்டியது' என்னும் தொடரிலிருந்து பிறந்து, அலுவல், வழக்கு, வணிகம் ஆகியவற்றைக் குறிக்கிறது. பன்மையில் ஒருவரின் உடைமைகளையும் குறிக்கும். 1894இல் தொடங்கிய திரைஃபஸ் விவகாரம் பிரெஞ்சில் 'அஃபேர்' எனவே வழங்கப்படுகிறது. தம் 'அஃபேர்'களைத் தேடுவதாக ஒரு பிரெஞ்சுக்காரர் கூறினால், அவர் தம் பையையும் சட்டையையும் தேடுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

தமிழுடன் ஒப்பீடு

தமிழின் 'செய்' என்னும் வினை, 'டூ', 'மேக்' ஆகிய இரண்டின் பொருளையும் தாங்குகிறது. 'வேலை செய்', 'பலகாரம் செய்' என இரண்டு இடங்களிலும் ஒரே வினை வருகிறது. இவ்வகையில் தமிழ், ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சுக்கு நெருக்கமாக உள்ளது. கூட்டுவினைகளிலும் (உதவி செய், முயற்சி செய்) இதே ஒற்றுமையைக் காணலாம்.

விலை, கூட்டுத்தொகை, கால அளவு ஆகியவற்றில் பிரெஞ்சு 'ஸா ஃபெ' என்னும் தொடருக்கு இணையாகத் தமிழில் 'ஆகு' என்னும் வினை வருகிறது. 'எவ்வளவு ஆகிறது?', 'இரண்டு ஆண்டு ஆகிறது' ஆகிய இரண்டு தொடர்களும் பிரெஞ்சில் 'ஃபேர்' வினையால் அமைகின்றன. எனவே 'ஃபேர்' வினையின் பரப்பைத் தமிழில் ஏறத்தாழ 'செய்', 'ஆகு' என்னும் இரண்டு வினைகள் பகிர்ந்துகொள்கின்றன எனலாம். ஆங்கிலத்தின் 'டூ', 'மேக்' பிரிவு இதே பரப்பை வேறொரு கோட்டில் பிரிக்கிறது.

பிறவினையிலும் இவ்வொற்றுமை தொடர்கிறது. 'கொதி', 'கொதிக்கவை' எனத் தமிழ் காட்டும் வேறுபாடு, பிரெஞ்சின் 'பூயீர்', 'ஃபேர் பூயீர்' வேறுபாட்டுடன் நேராகப் பொருந்துகிறது. 'வெயிலாக இருக்கிறது', 'எனக்கு வெக்கையாக இருக்கிறது' என வானிலையையும் அதனை உணரும் மனிதரையும் வேறு அமைப்புகளில் கூறுவதும் இருமொழிகளுக்கும் பொதுவானது.

தமிழ்நாட்டில் பிரெஞ்சை ஒரு மொழிப்பாடமாகப் பயிலும் மாணவர் பலர், ஆங்கிலப் பொருள் தரும் பட்டியல்களின் வழியாகவே இவ்வினையைக் கற்கின்றனர். ஆங்கிலத்துக்கே உரிய சிக்கல்கள் அவர்களுக்கும் வந்துசேர்வதற்கு இது ஒரு காரணமாகும். மேற்கண்ட இடங்களில் தமிழிலிருந்து நேரடியாகப் பிரெஞ்சுக்குச் செல்லும் வழி குறுகியது.

ஆனால் ஒற்றுமை எல்லா இடங்களிலும் இல்லை. 'ஃபேர்' வரும் சில இடங்களில் தமிழ், 'செய்', 'ஆகு' இரண்டையும் விட்டு வேறு வினைகளைத் தேர்ந்துகொள்கிறது. 'வெயில் அடிக்கிறது', 'வரிசையில் நில்', 'பெட்டி கட்டு' ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

மொழிபெயர்ப்பும் கற்பித்தலும்

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் முறையில் இயங்கும் அகராதி நிரல்கள் 'ஃபேர்' போன்ற வினைகளில் எளிதில் பிழை செய்கின்றன. 1990ஆம் ஆண்டையொட்டி ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள், கனடிய நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகளை ஒப்பிட்டுப் புள்ளியியல் முறை மொழிபெயர்ப்பை உருவாக்கினர். 'ப்ரான்த்ர்' (எடு) போன்ற வினைகளை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்பதை அறிய, அவ்வினைக்கு அடுத்து வரும் பெயர்ச்சொல் சிறந்த தடயம் என்பதை அவர்கள் பயன்படுத்தினர். முடிவு எடுத்தலும் மகிழுந்து எடுத்தலும் ஆங்கிலத்தில் இரு வேறு வினைகளைப் பெறுவதே காரணம். முழு வாக்கியத்தையும் ஒருங்கே கருத்தில் கொள்ளும் பிற்கால நரம்பியல் பிணைய முறைகள் இத்தகைய தொடர்களை மேலும் நன்கு கையாளுகின்றன. இருப்பினும், வற்புறுத்திச் செய்வித்தலா, கேட்டுச் செய்வித்தலா என்பது வாக்கியத்தில் இல்லாதபோது, அதனைச் சூழலிலிருந்தே பெறவேண்டியுள்ளது.

மாணவருக்கும் இதே தடயம் பயன்படும். 'ஃபேர்' என்பதற்கு இருபது பொருள்களை மனப்பாடம் செய்வதைவிட, 'ஃபேர்' வினையையும் அடுத்த சொல்லையும் சேர்த்து ஒரே அலகாகக் கற்பது பயனுள்ளது. 'ஃபேர் லா கெ' என்பதை 'வரிசையில் நில்' என்னும் முழுத்தொடராக நினைவில் கொண்டால், 'செய்' என்னும் பொருளை அதனுள் தேடவேண்டியதில்லை.

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்கு இதற்கு மாறான பயிற்சி அளிக்கப்படுகிறது. கட்டுரைகளில் 'ஃபேர்' மிகுதியாக வருவதை ஆசிரியர்கள் குறையாகக் கருதி, வீட்டுக்குக் 'கட்டு', நூலுக்கு 'எழுது', தவறுக்கு 'இழை' எனப் பொருள்படும் தனி வினைகளைப் பயன்படுத்துமாறு கூறுவர். தமிழ் ஆசிரியர்கள் 'பண்ணு' என்னும் வினையைக் கட்டுரைகளில் தவிர்க்கச் சொல்வது இதற்கு நிகரானது. எனினும் தட்பவெப்பம், கால அளவு, பிறவினை ஆகிய இடங்களில் 'ஃபேர்' வினைக்கு மாற்றுச் சொல் எளிதில் கிடைப்பதில்லை.